மருத்துவ இடமும் மதிப்பெண்ணும்: தகுதி என்பது யாருடைய அளவுகோல்?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அடுத்த சில வாரங்களில் நீட் முடிவுகள் வருகின்றன. அந்நாள்களில் நம் குடியிருப்புகளில் ஒரு கேள்வி வீடு வீடாக எழுகிறது: "இந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவம் கிடைக்குமா?" விடை சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. குடும்பத்திலும் தெருவிலும் மருத்துவம் படித்தவர் ஒருவரும் இல்லாத நிலையில், விண்ணப்பமே போடாமல் பல பிள்ளைகள் அந்த எண்ணத்தைக் கைவிடுகிறார்கள். தடைகளைத் தாண்டி உள்ளே நுழைந்தவர்களுக்கோ வேறொரு சொல் காத்திருக்கிறது: "கோட்டாவில் வந்தவர்."

விண்ணப்பிக்காமல் விலகும் பிள்ளையின் அச்சத்துக்கும், நுழைந்த பிள்ளையின் மீது வீசப்படும் ஏளனத்துக்கும் அடித்தளம் ஒன்றுதான். பதினேழு வயதில் எழுதும் ஒரு தேர்வின் மதிப்பெண், ஒருவர் நல்ல மருத்துவராவாரா என்பதை அளந்து சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? விதிகளும் வரலாறும் கிடைத்துள்ள சான்றுகளும் சொல்வதை வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு வரம்புகள்

மருத்துவச் சேர்க்கையில் இரண்டு வரம்புகள் உள்ளன. ஒன்று தகுதி வரம்பு. மற்றொன்று இடம் கிடைக்கும் வரம்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான மனச்சோர்வுக்குக் காரணம்.

தகுதி வரம்பு மிக எளியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களையும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். மூன்று பாடங்களிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே தேர்ச்சி வேண்டும். அதாவது, மூன்று பாடங்களின் 300 மதிப்பெண்ணில் பட்டியல் சாதி மாணவருக்குத் தேவையானது 120. 600க்கு 590 எடுத்தவருக்கும் 400 எடுத்தவருக்கும் இந்தக் கட்டத்தில் வேறுபாடு இல்லை. 2017க்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளி மதிப்பெண் தரவரிசையில் சேர்க்கப்படுவதில்லை. நீட் மதிப்பெண் மட்டுமே வரிசையைத் தீர்மானிக்கிறது.

நீட் தேர்விலும் தகுதி வரம்பு நாம் அஞ்சும் அளவுக்கு உயரமானது அன்று. பொதுப்பிரிவினருக்கு 50 பெர்சென்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 பெர்சென்டைல் என்பது விதி. பெர்சென்டைல் என்பது விழுக்காடு அன்று. 50 பெர்சென்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்பது என்று பொருள். பாதி மதிப்பெண் எடுப்பது என்று பொருள் அன்று. 2023ஆம் ஆண்டில் இந்த வரம்பு மதிப்பெண்ணாக மாறியபோது, பொதுப்பிரிவினருக்கு 720க்கு 137 ஆகவும், பட்டியல் சாதியினருக்கு 107 ஆகவும் இருந்தது. "தரம்" என்ற பெயரில் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட தேர்வில், பொதுப்பிரிவினரே 19 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் தகுதி பெற்றனர் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அப்படியானால் 500, 600 என்று பேசப்படும் கட்-ஆஃப் எங்கிருந்து வருகிறது? அதுதான் இரண்டாவது வரம்பு. அரசுக் கல்லூரி இடங்கள் எந்த மாணவரோடு தீர்ந்துபோகின்றனவோ, அந்த மாணவரின் மதிப்பெண்ணே அந்த ஆண்டின் கட்-ஆஃப். இடங்கள் கூடினால் அது இறங்கும். விண்ணப்பிப்போர் கூடினால் ஏறும். வினாத்தாள் எளிதானாலும் ஏறும். மாணவரின் அறிவில் எந்த மாற்றமும் இல்லாமலே கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அது பற்றாக்குறையைப் பங்கிடும் கோடு. இந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவரால் மருத்துவம் கற்க இயலாது என்று எந்த ஆய்வும் செய்து அந்தக் கோடு போடப்படவில்லை.

ஒரே மாணவிக்கு இரண்டு எண்கள்

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதாவை நாம் மறக்க முடியாது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகளான அந்தத் தலித் மாணவி, 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். பழைய முறையின்படி அவருடைய மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. அதே ஆண்டு நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அவரை நாம் இழந்தோம்.

ஒரே மாணவி, ஒரே ஆண்டு, ஒரே அறிவு. ஓர் அளவுகோல் அவரை மாநிலத்தின் சிறந்த மாணவர்களுள் ஒருவர் என்றது. மற்றோர் அளவுகோல் தகுதியற்றவர் என்றது. இரண்டுக்கும் இடையில் மாறியது அனிதா அல்லர். ஒன்று பள்ளியில் நடத்தப்பட்ட பாடத்திலிருந்து கேட்டது. மற்றொன்று வேறொரு பாடத்திட்டத்தையும், தனிப்பயிற்சி மையங்களில் பழக்கப்படும் விடையளிக்கும் வேகத்தையும் கேட்டது. முழுமையான பள்ளி மதிப்பெண்ணும் நம்மைக் காக்கவில்லை என்பதே அவருடைய வாழ்க்கை விட்டுச்சென்ற பாடம். ஆகவே "குறைந்த மதிப்பெண்" என்று ஒருவரைச் சொல்லும்போது, எந்தத் தேர்வில், எந்த வசதியோடு, யாரோடு ஒப்பிட்டு என்று முதலில் கேட்டாக வேண்டும்.

மாறி மாறி வந்த அளவுகோல்கள்

இந்தக் கேள்வி புதியது அன்று. இந்தியக் குடியரசின் அரசமைப்புச் சட்டம் கண்ட முதல் திருத்தமே சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் இடங்களைப் பற்றிய வழக்கோடு பிணைந்தது. வகுப்புவாரி அரசாணையின்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, "அரிசனர்" என்று அன்று குறிக்கப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என இடங்கள் பங்கிடப்பட்டன. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அந்த வழக்கின் பதிவுகளிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் முதல் திருத்தத்தின் வழியாக 15(4) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று நாடெங்கும் கல்லூரிகளில் உள்ள ஒதுக்கீட்டுக்கு அதுவே வேர்.

அதன் பிறகும் அளவுகோல் பலமுறை மாறியது. 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு நடந்தது. நகரத்து மாணவருக்கும் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவருக்குமே அது உதவுகிறது என்ற முடிவுக்கு வந்து, 2006இல் சட்டம் இயற்றி மாநில அரசு அதை நீக்கியது. 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக வரைவது நேர்மையாகாது. நாமக்கல் வட்டாரத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த விடுதிப் பள்ளிகளை மக்கள் "பிராய்லர் பள்ளிகள்" என்று அழைத்தது நினைவிருக்கும். பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்வித்து, மருத்துவ இடங்களின் பெரும்பகுதியை அப்பள்ளிகள் அள்ளிச் சென்றன. அரசுப் பள்ளி மாணவர்கள் அன்றும் விளிம்பில்தான் நின்றார்கள்.

2017இல் நீட் வந்ததும் நிலைமை இன்னும் இறுகியது. 2021இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு அளித்த அறிக்கை இதைத் தரவுகளோடு காட்டியது. நீட்டுக்கு முந்தைய ஆண்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் மட்டுமே மறுமுறை முயன்றவர். 2020-21இல் அது பத்தில் ஏழு பேர் என்றானது. தமிழ்வழியில் படித்தோரின் பங்கு 12 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது 4 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. ஓராண்டு, ஈராண்டு வேலைக்குப் போகாமல், பயிற்சி மையத்துக்கு இலட்சக்கணக்கில் கட்டி, மறுபடியும் எழுதக்கூடிய குடும்பம் எது? கூலிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த இரண்டாவது ஆண்டு கிடைப்பதில்லை.

மதிப்பெண் அறிவை மட்டும் அளப்பதில்லை. குடும்பத்தின் வருவாய், பயிற்றுமொழி, பள்ளியின் ஆய்வகம், காத்திருக்கக்கூடிய ஆண்டுகள் ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்கள் குறித்த நீல் ஆரேலியோ நூனஸ் வழக்கில் 2022 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே கருத்தை ஏற்றது. திறந்த போட்டித் தேர்வின் மதிப்பெண்ணே தகுதி ஆகிவிடாது என்றும், தகுதியைச் சமூகச் சூழலோடு வைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்றும் அத்தீர்ப்பு விளக்கியது.

பணத்துக்கு யார் மதிப்பெண் கேட்கிறார்கள்?

ஒதுக்கீட்டில் வந்த மாணவரின் மதிப்பெண்ணைத் துருவிக் கேட்கும் சமூகம், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை. தனியார் கல்லூரிகளில் வெளிநாடுவாழ் இந்தியருக்கு 15 விழுக்காடு வரை இடம் ஒதுக்கலாம் என 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அவ்விடங்களுக்கான கலந்தாய்வில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடும் இல்லை. நல்ல மதிப்பெண் எடுத்த ஏழை மாணவர் கட்டணத்தைக் கண்டு விலகும்போது, அந்த இடம் தரவரிசையில் மிகவும் கீழே இருக்கும் வசதியானவருக்குப் போகிறது. அவர் நீட் தகுதிக் கோட்டைத் தாண்டியிருந்தால் போதும்.

2023 செப்டம்பரில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். முதுநிலை மருத்துவப் படிப்பில் இடங்கள் காலியாக இருந்தபோது, நீட் முதுநிலைத் தகுதி வரம்பு அனைத்துப் பிரிவினருக்கும் பூச்சியம் பெர்சென்டைல் ஆகக் குறைக்கப்பட்டது. தேர்வு எழுதியவர் எவரும் கலந்தாய்வுக்குத் தகுதி பெற்றனர். பட்டியல் சாதி மாணவருக்குப் பத்துப் பெர்சென்டைல் சலுகை தரும்போது தரம் வீழ்ந்துவிடும் என்று முழங்கிய குரல்கள், வரம்பே இல்லாமல் போனபோது பெரிதாக எழவில்லை.

குறைந்த மதிப்பெண்ணோடு நுழைந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இதுவே அடிப்படையான கேள்வி. இதற்கு விடை தரும் நீண்டகால ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்துள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 1970களில் தன் 100 இடங்களில் 16ஐக் கறுப்பர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் தொடுத்த வழக்கில், 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிலையான ஒதுக்கீட்டை நீக்கியது. நம் செண்பகம் வழக்கோடு ஒப்பிடத்தக்க வழக்கு அது.

அதே டேவிஸ் கல்லூரியில் 1968 முதல் 1987 வரை, மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் சிறப்புக் கவனத்தின் அடிப்படையில் சேர்க்கப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1997இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியானது. சேரும்போது அவர்களுடைய மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவு. படிப்பின் தொடக்கத் தேர்வுகளிலும் அந்த இடைவெளி தெரிந்தது. ஆனால் பட்டம் பெற்றவர்கள் 94 விழுக்காடு. வழக்கமான முறையில் சேர்ந்தவர்களில் 98 விழுக்காடு. அதன் பிறகு மருத்துவமனைப் பயிற்சியை முடிப்பதிலும், அங்கே பெற்ற மதிப்பீட்டிலும், பின்னாளைய பணியிலும் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நுழைவாயிலில் இருந்த இடைவெளி, நோயாளியின் படுக்கையருகே சென்றபோது மறைந்துவிட்டது.

நம் நாட்டுக் கல்வி அமைப்பும் இதற்கு இடம் தருகிறது. எம்பிபிஎஸ் படிப்பு நான்கரை ஆண்டுகள்; அதன் பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. ஒதுக்கீடு சேர்க்கையில் மட்டுமே உண்டு, தேர்ச்சியில் இல்லை. உடற்கூறியல் தாளுக்கும் அறுவை மருத்துவத் தாளுக்கும் தேர்ச்சி வரம்பு அனைவருக்கும் ஒன்றே. "கோட்டா டாக்டர்" என்ற பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வழங்கப்படுவதில்லை.

ஒதுக்கீடு மருத்துவத் தரத்தைக் கெடுக்கும் என்போருக்குத் தமிழ்நாடே விடை. 69 விழுக்காடு ஒதுக்கீட்டோடு மருத்துவர்களை உருவாக்கிய மாநிலம் இது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. 2018-20 காலத்தில் இலட்சம் பிறப்புக்கு மகப்பேற்று இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்கு ஆரம்பச் சுகாதார நிலையங்களும் செவிலியரும் பெண்கல்வியும் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் ஒதுக்கீட்டால் தரம் சீரழிந்திருந்தால் இந்த எண்கள் இப்படி இருந்திருக்க முடியாது.

இடம் கிடைத்த பின்னும் தொடரும் போராட்டம்

நுழைவதோடு போராட்டம் முடிவதில்லை. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு குறித்து விசாரித்த சுகதேவ் தோரட் குழு, 2007இல் தன் அறிக்கையை அளித்தது. விடுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதையும், ஆசிரியர்களின் ஆதரவும் நியாயமான மதிப்பீடும் கிடைக்காததையும் அது பதிவு செய்தது. 2019 மே மாதத்தில் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தாட்வி உயிரிழந்தார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த மருத்துவ மாணவியர் மூவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. முதலாண்டில் ஒரு தாளில் தவறும் மாணவருக்குத் தேவைப்படுவது கூடுதல் வகுப்பும் ஆங்கிலப் பயிற்சியும்தான். அவர் பெறுவது "மதிப்பெண் இல்லாமல் வந்தால் இப்படித்தான்" என்ற சொல்லாக இருந்தால், தோற்றது அந்தக் கல்லூரி.

மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக எவரும் விலக வேண்டியதில்லை. 300க்கு 120 இருந்தால் நீட் வாயில் திறந்தே உள்ளது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. தமிழிலும் தேர்வு எழுதலாம்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதனுள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. இவை தவிர 31 விழுக்காடு பொதுப்போட்டி. அது "முன்னேறிய வகுப்பினருக்கான ஒதுக்கீடு" அன்று, அனைவருக்கும் உரியது. பொதுப்போட்டி வரம்பைத் தாண்டும் பட்டியல் சாதி மாணவர் அங்கேயே இடம் பெறுவார். ஒதுக்கீட்டு இடம் அடுத்தவருக்கு மிஞ்சும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தது, 2020இல் 7.5 விழுக்காடாகச் சட்டமானது. முந்தைய ஆண்டில் ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400ஐ எட்டியது. இது ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் பிரித்து வழங்கப்படுகிறது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பொருந்தும். கட்டணத்தை அரசே ஏற்கிறது. இப்பிரிவில் கட்-ஆஃப் பொதுவான வரிசையைவிடக் கணிசமாகக் குறைவு என்பதால், "என் மதிப்பெண் போதாது" என்று அரசுப் பள்ளி மாணவர் தாமே முடிவுகட்டக் கூடாது.

நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநில இடங்களுக்குத் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு அகில இந்திய இடங்களுக்கு ஒன்றிய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் தனியே பதிய வேண்டும். இதை அறியாமல் தேதியைத் தவறவிடும் முதல் தலைமுறை மாணவர்கள் உண்டு.

சாதிச் சான்றிதழை முடிவு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே பெற வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் வழங்குகிறார்கள். பழங்குடிச் சான்றிதழில் நேரும் இழுத்தடிப்பு, ஒரு பிள்ளையின் ஆண்டையே விழுங்கிவிடும். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். எனினும் ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு அவர்களும் தமிழ்நாட்டில் தகுதியுடையவர்கள்.

மதிப்பெண் வந்த நாளில் மனம் உடைந்தால் தனியே இருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசுகிறார்கள். வீட்டாரும் நண்பர்களும் அந்த வாரத்தில் அருகில் இருப்பது எந்த ஆலோசனையையும்விடப் பெரிது.

நம் பணி

நீட் விலக்குக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய சட்ட முன்வடிவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த அரசியல் போராட்டம் தொடர வேண்டும். அதுவரை இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளை காத்திருக்க முடியாது.

இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடியவை எளியவை. முடிவு வெளியாகும் வாரத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு நாள் அமர்ந்து, அறிவியல் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்து, அவர்களுக்குரிய பிரிவுகளைச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். சான்றிதழ் தாமதமானால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லலாம். மருத்துவக் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் நம் மாணவர்கள், முதலாண்டில் நுழைபவரைத் தேடிப்போய் அறிமுகமாகலாம்; தம் புத்தகங்களைக் கொடுக்கலாம்; முதல் தாளில் தவறினால் அது முடிவன்று என்று தம் அனுபவத்திலிருந்து சொல்லலாம். "இந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவம் கிடைக்குமா?" என்று அடுத்த மே மாதத்தில் ஒரு பிள்ளை கேட்கும்போது, விடை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும்.